ஸ்கேட்பார்க்கில் ஒரு பிள்ளை கூட்டத்தோடு சேர்வது எப்படி?

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்த பிள்ளை படிவம் ஒன்றுக்குப் போகும் முதல் வாரத்தில், வீட்டில் பாடத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்கமாட்டார்கள். "கூட்டாளி யாராச்சும் கெடச்சாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கவலை நியாயமானது. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150 மாணவர்கள்கூட இல்லாத சிறிய பள்ளிகள். பத்துப் பதினைந்து பேர் கொண்ட வகுப்பு, ஆறு வருடமும் அதே முகங்கள், யாருக்கு அண்ணன் யார், யாருக்கு அத்தை யார் என்றெல்லாம் தெரிந்த ஆசிரியர்கள். அங்கிருந்து கிளம்பும் பிள்ளை, ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் போய் நிற்கிறது. பாடம் மலாயில் நடக்கிறது. பக்கத்து மேசைக்காரனின் பெயரை எப்படிச் சொல்வது என்றுகூடச் சில சமயம் தெரிவதில்லை. மலாயில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்கு வருவார்கள். அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளிச் சிநேகிதர்களும் ஒரு வகுப்பு மேலே போய்விடுகிறார்கள்.

கூட்டத்தோடு சேர்வது பிறவிக் குணம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். "இவன் யாரோடயும் பழகிடுவான்", "அவ கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். மாலை நேரத்தில் படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டத்தில் நுழைவது பழகிக்கொள்ளக்கூடிய ஒரு வேலை. பழக இடம் வேண்டும், தப்புத் தப்பாகச் செய்து பார்க்க அவகாசம் வேண்டும். பள்ளியில் இரண்டும் குறைவு. கோலாலம்பூர் வட்டாரத்தில் இந்த இரண்டும் தாராளமாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. நம் பெற்றோர் பலர் சந்தேகத்தோடு பார்க்கும் ஸ்கேட்பார்க்தான் அது; சக்கரம் வைத்த பலகையில் ஏறிச் சறுக்கி ஓட்ட சிமெண்டுச் சரிவுகள் கட்டிய இடம்.

முதலில் கூட்டத்தில் நுழையும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1981-இல் மார்த்தா புட்டலாஸ், ஜான் காட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக ஒரு பிள்ளை உள்ளே வந்தால் என்ன செய்கிறது என்று இரண்டாம், மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் கவனித்தார்கள். வகுப்பில் அவ்வளவாக யாருக்கும் பிடிக்காத பிள்ளைகள் வந்தவுடனே தங்களைப் பற்றிப் பேசினார்கள், கேள்வி கேட்டார்கள், மற்றவர் செய்வது தப்பு என்று மறுத்தார்கள். விளையாட்டு நின்று எல்லாருடைய கவனமும் தங்கள் பக்கம் திரும்பவேண்டிய மாதிரி நடந்துகொண்டார்கள். எல்லாருக்கும் பிடித்த பிள்ளைகளோ, அங்கே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு அதற்கு ஒத்துப்போகிற விதத்தில் உள்ளே வந்தார்கள்.

இன்னொரு தகவலும் முக்கியம். பாலர் பள்ளிகளில் நெடுங்காலம் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கவனித்த சமூகவியலாளர் வில்லியம் கொர்சாரோ, விளையாட்டில் சேர வரும் பிள்ளையின் முதல் முயற்சியை ஏறத்தாழ பாதித் தடவை மற்ற பிள்ளைகள் தடுத்துவிடுவதைக் கண்டார். இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு கலைந்துவிடக்கூடாது என்ற பயம்தான். ஆக, முதல் தடவை ஒதுக்கப்படுவது எல்லாப் பிள்ளைக்கும் நடப்பது. நன்றாகப் பழகுகிற பிள்ளை ஒதுங்கிப் போய்விடாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு விதமாக மறுபடி வருகிறது.

கயிறு குதிக்கும் விளையாட்டு நினைவிருக்கும். இரண்டு பேர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், உள்ளே நுழையவேண்டியவள் ஓரமாக நின்று தலையை ஆட்டி ஆட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சட்டென்று பாய்வாள். கயிற்றை நிறுத்தச் சொல்லி நுழைகிறவளை யாருக்கும் பிடிக்காது. கூட்டத்தில் சேர்வதும் ஏறக்குறைய அதுதான்.

இப்போது ஸ்கேட்பார்க்குக்கு வருவோம். ஷா ஆலாம் செக்‌ஷன் 13-இல் ஒரு எக்ஸ்ட்ரீம் பார்க் இருக்கிறது. புத்ராஜெயாவில் தாமான் சாபாரான் என்ற பூங்கா இருக்கிறது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நகர மையத்தின் சில சாலைகளைக் கார்களுக்கு மூடிவிடுவதால், சைக்கிள்காரர்களோடும் ஓடுகிறவர்களோடும் போர்டு ஓட்டும் பிள்ளைகளும் டத்தாரான் மெர்டேக்கா பக்கம் வருகிறார்கள். இவை தவிர, குடியிருப்புத் தாமான்களில் பூப்பந்துத் திடல், அடுக்குமாடியின் கீழ்த்தளம், மேம்பாலத்தடி என்று சிமெண்டுத் தரை எங்கெல்லாம் வழவழப்பாக இருக்கிறதோ அங்கெல்லாம் நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். சாயங்காலம் நாலு மணி மழை விட்டதும் தரை காய்ந்துவிட்டதா என்று காலால் தேய்த்துப் பார்க்கும் பையன்களை எந்தத் தாமானிலும் பார்க்கலாம்.

புதிதாக வரும் பிள்ளை முதலில் ஓரத்தில் நிற்கிறது. இது ஒதுக்கம் இல்லை. அங்கே எல்லாருமே ஓரத்தில் நிற்பவர்கள்தான். பத்து வருடமாக ஓட்டுபவரும் ஒரு முறை போய்வந்தபின் ஓரத்துக்கு வந்து நின்றாகவேண்டும், ஏனென்றால் சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்கமுடியும். இறங்கி ஓட்டும் நேரத்தைவிட நின்று பார்க்கும் நேரமே அதிகம். ஆக, வேடிக்கை பார்ப்பது அங்கே வெளியாளின் அடையாளம் ஆகாது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் பிள்ளையை எல்லாரும் பார்க்கிறார்கள், அல்லது அப்படிப் பார்ப்பதாக அந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறது. ஸ்கேட்பார்க்கின் ஓரத்தில் நிற்பவனைப் பார்த்து "ஏன் நிற்கிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. கூச்சமான பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது முறை. அங்கே எண் போட்ட வரிசை கிடையாது, விசில் ஊதும் பயிற்றுநர் கிடையாது. முன்னால் போனவர் விழுந்தார் அல்லது முடித்தார் என்பதைக் கவனித்து, எதிர்ப் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து, அவர் காலைப் பலகையின் வால்மேல் வைத்துவிட்டாரா இல்லையா என்று பார்த்து, அப்புறம்தான் இறங்கவேண்டும். சில சமயம் ஒரு தலையசைப்பு, சில சமயம் "நீ போ" என்று ஒரு கை. இதெல்லாம் இரண்டு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும். இதைக் கவனிக்காமல் குறுக்கே இறங்கிவிடுபவனுக்கு உடனே பேர் கிடைத்துவிடும். "போத்தோங் கியூ பண்ணாத டா" (வரிசையில் குறுக்கே புகாதே) என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் அவன் இறங்கும்போது மட்டும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டாவதுதான் உறைக்கும்.

இதில் பிள்ளை கற்றுக்கொள்வது வெறும் பொறுமை என்று சொல்லிவிட முடியாது. பொறுமை மட்டும் போதும் என்றால் கடைசிவரை ஓரத்திலேயே நிற்கவேண்டியதுதான், யாரும் கையைப் பிடித்து இறக்கிவிடமாட்டார்கள். ரொம்பவும் மரியாதை பார்த்து ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்துக்கொண்டே நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "பெரியவங்க போகட்டும்" என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளைகள். நம் பிள்ளைகளில் இது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. தன் முறை எது என்று கணித்து, அது வந்துவிட்டது என்று தானே முடிவுசெய்து, மற்றவர் பார்க்க இறங்கவேண்டும். அடுத்தவருக்கு இடம் விடுவதும் தனக்குரிய இடத்தை எடுத்துக்கொள்வதும் அங்கே சேர்ந்தே பழக்கமாகின்றன. வகுப்பில் கையைத் தூக்கிப் பதில் சொல்லவும், குழு வேலையில் "இந்தப் பகுதியை நான் செய்றேன்" என்று சொல்லவும் தேவைப்படுவது இதே துணிச்சல்தான்.

விழுவதைப் பற்றித் தனியாகப் பேசவேண்டும். ஸ்கேட்போர்டில் எளிதான டிரிக் என்று ஒன்றும் இல்லை. பலகையைக் கையால் தொடாமல் அதோடு சேர்ந்து எகிறும் ஆலிதான் அடிப்படை. அது கைவரவே பல பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நாள் முழுக்க எல்லார் முன்னாலும் தோற்றுக்கொண்டே இருக்கவேண்டும். நன்றாக ஓட்டுபவர்களும் அப்படித்தான். அவர்கள் இன்னும் கடினமான ஒன்றை முயற்சி செய்து அதில் தோற்றுக்கொண்டிருப்பார்கள். தரையில் கிடப்பது அங்கே சாதாரண நிலை. படிவம் ஒன்றில் மலாய் வாசிக்கும்போது ஒரு சொல் தடுமாறினால் ஒரு வாரம் வாய் திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பிள்ளை சனிக்கிழமை இருபது பேர் முன்னால் குப்புற விழுந்து, முழங்கையைத் தட்டிவிட்டு எழுந்து, ஓரத்துக்குப் போய் மறுபடி நிற்கிறது. இந்த அனுபவத்துக்கு ஒரு பலன் உண்டு என்று நம்புகிறேன். முதல் முயற்சி தடுக்கப்படும்போது ஒதுங்கிப் போகாமல் மறுபடி வருகிற பழக்கத்தைத்தானே கொர்சாரோ கவனித்தார்!

அப்புறம், அந்தத் தட்டல். யாராவது நெடுநாள் முயன்ற டிரிக்கைச் செய்து முடித்துவிட்டால், சுற்றி நிற்பவர்கள் தங்கள் பலகையின் வாலைத் தரையில் டக் டக் என்று அடிப்பார்கள். கைத்தட்டலுக்குப் பதில் அது. இதில் நான் கவனித்தது, எவ்வளவு பெரிய டிரிக் என்பதற்காக அவர்கள் தட்டுவதில்லை. யாருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதற்காகத் தட்டுகிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் எளிதாகச் செய்யும் ஆலிக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதே ஆலியை ஒன்பது வயதுச் சிறுவன் முதல் தடவையாகச் செய்துவிட்டால் இடமே அதிரும். அதற்கு எல்லாரும் எல்லாரையும் கவனித்திருக்கவேண்டும். யார் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருக்கவேண்டும். தன் வெற்றியைப் பற்றிப் பேசுவதைவிட அடுத்தவன் எங்கே தடுமாறுகிறான் என்று கவனிப்பவனையே கூட்டம் சீக்கிரம் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதை அந்தத் தட்டல் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறது.

உலகம் முழுக்கப் பார்த்த ஓர் உதாரணம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி குளம் போன்ற சரிவுகளில் ஓட்டும் 'பார்க்' பிரிவில் பெண்களுக்கான இறுதிப்போட்டி. தங்கம் வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்தவர் ஜப்பானின் மிசுகு ஒகமோட்டோ, அப்போது வயது 15. கடைசி ஓட்டத்தில் எல்லாவற்றையும் பணயம் வைத்து ஓட்டி, விழுந்து, நான்காம் இடத்தோடு அழுதுகொண்டு வெளியே வந்தார். அவரோடு போட்டியிட்ட மற்ற நாட்டுப் பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்தப் போட்டியில் வெள்ளி வென்ற கொகோனா ஹிராக்கிக்கு வயது 12, வெண்கலம் வென்ற பிரிட்டனின் ஸ்கை பிரவுனுக்கு 13. நம் ஊரில் படிவம் ஒன்று படிக்கும் வயது. ஸ்கேட்பார்க் பக்கம் போகாதவர்களுக்கு அந்தக் காட்சி ஆச்சரியமாக இருந்தது. போகிறவர்களுக்கு அது வாராவாரம் பார்ப்பது.

இந்த வழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பெரியவர்கள் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு ஓட்டியவர்கள் அலை இல்லாத நாளில் தரையில் சறுக்கத் தொடங்கியது 1950-களில். 1970-களின் தொடக்கத்தில் பாலியூரிதேன் சக்கரம் வந்தது, பலகை தரையைப் பிடித்து ஓடியது. அடுத்த சில வருடங்களில் அங்கே கடும் வறட்சி, நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன, பிள்ளைகள் அவற்றுக்குள் இறங்கினார்கள். ஆலன் கெல்ஃபாண்ட் 1970-களின் பிற்பகுதியில் குளச்சரிவில் செய்த எகிறலை, ராட்னி முல்லன் 1980-களில் சமதரைக்குக் கொண்டுவந்தார். இன்று கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பையன் செய்யும் ஆலி அதுதான். பயிற்றுநரும் நடுவரும் அணியும் இல்லாமலே வளர்ந்தது என்பதால், யார் எப்போது போவது, எது நியாயம், எது அநியாயம் என்பதையெல்லாம் பிள்ளைகளே பேசியும் பேசாமலும் வகுத்துக்கொண்டார்கள். கால்பந்தில் பயிற்றுநர் "நீ இன்று வெளியே உட்கார்" என்பார். இங்கே உள்ளே வைப்பதும் வெளியே வைப்பதும் கூட்டத்தின் கையில் இருக்கிறது. அதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

நன்மையில் முக்கியமானது வயதுக்கலப்பு. பள்ளியில் பதின்மூன்று வயதுப் பிள்ளை நாள் முழுக்கப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடுதான் இருக்கிறது. ஸ்கேட்பார்க்கில் எட்டு வயதுச் சிறுவனும் வேலைக்குப் போகும் முப்பது வயது அண்ணனும் ஒரே ஓரத்தில் நிற்கிறார்கள். 1991-இல் ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும், புதியவர் ஒருவர் ஒரு தொழில் கூட்டத்துக்குள் எப்படி மெல்ல மெல்ல வருகிறார் என்று விளக்கினார்கள். லேவ் முன்பு லைபீரியாவில் தையற்காரர்களைக் கவனித்தவர். அங்கே கற்க வரும் பையன் முதலில் துணி வெட்டமாட்டான். பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். உடை முழுதாக எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தபின்தான் வெட்டுவது வரும். சின்ன வேலைதான், ஆனாலும் பொய்யான வேலை இல்லை. முதல் நாளிலிருந்தே அவன் அந்தக் கடையின் ஆள்.

ஸ்கேட்பார்க்கிலும் அப்படிச் சின்ன வேலைகள் இருக்கின்றன. தப்பி உருண்டு ஓடும் பலகையைக் காலால் நிறுத்தி உரியவரிடம் தள்ளிவிடுவது, "போர்டு! போர்டு!" என்று கத்தி மற்றவரை எச்சரிப்பது, மழைத்தண்ணீரைத் துடைப்பத்தால் ஒதுக்குவது, அண்ணன்மார் டிரிக்கைப் படம் பிடிக்கும்போது கைப்பேசியைப் பிடித்துக்கொள்வது. நன்றாக ஓட்டத் தெரியாத பிள்ளையும் இவற்றைச் செய்யலாம், செய்தால் பேர் தெரிந்துவிடும். "தம்பி, அந்த ஸ்க்ரூ சாவியக் குடு" என்று ஒருவர் கேட்டுவிட்டால் பாதி சேர்ந்தாயிற்று. பழைய பலகையை அடுத்தவருக்குக் கொடுப்பதும் இப்படித்தான் நடக்கிறது. அண்ணன் புதுப் பலகை வாங்கும்போது தேய்ந்த பலகை தம்பிக்கு வரும். இரத்த உறவு எதுவும் இல்லாத அண்ணன், தம்பிதான்.

அடுத்து, இனம். கோலாலம்பூரில் இதைத் தவிர்த்துப் பேசமுடியாது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல், வெவ்வேறு கூட்டத்து மக்கள் சும்மா பக்கத்தில் இருந்தாலே நெருங்கிவிடமாட்டார்கள் என்று எழுதினார். சம அந்தஸ்து வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், சேர்ந்து செய்யும் வேலை வேண்டும், மேலிடத்தின் ஆதரவு வேண்டும் என்றார். நம் இடைநிலைப்பள்ளிகளில் பிள்ளைகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஓய்வு நேரத்தில் மலாய் மேசை, சீன மேசை, தமிழ் மேசை என்று பிரிந்து உட்காருவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

ஸ்கேட்பார்க்கில் முதல் நிபந்தனை ஓரளவு நிறைவேறுகிறது. மொழி தெரிந்தவன், மதிப்பெண் வாங்கியவன், அப்பா பெரிய வேலையில் இருப்பவன் யாரும் அதனால் நன்றாக எகிறிவிட முடியாது. பொதுவான நோக்கம் என்று பார்த்தால் கொஞ்சம் சிக்கல்தான், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் டிரிக்கைத்தான் முயற்சி செய்கிறார்கள். ஆனால் அந்த முயற்சிகளுக்குப் பொதுவான சொற்கள் இருக்கின்றன. ஆலி, கிக்ஃபிளிப், பிஃப்டி-பிஃப்டி என்பது அஹ்மாட்டுக்கும் வெய் ஜீக்கும் குமரனுக்கும் ஒன்றுதான். யாருடைய தாய்மொழியும் இல்லாததால் யாரும் அதில் பிந்தியவர் இல்லை. மிச்சத்தைக் கையும் காலும் பேசிவிடும். பின்னங்காலை எங்கே வைப்பது என்று காட்ட மலாய் இலக்கணம் தேவையில்லை. இப்படித் தொடங்கிய பேச்சு நாளாக ஆக நீள்கிறது. "சூபா லாகி" என்று மலாய்ப் பையன் மறுபடி முயலச் சொல்கிறான், நம் பையன் "கெஜாப், பாங்" என்று ஒரு நிமிடம் கேட்கிறான். வகுப்பில் மலாய் பேச வாயே திறக்காத மாணவன் ஒருவன், சக்கர பேரிங்கை எப்படிக் கழற்றித் துடைப்பது என்று சரளமான சந்தை மலாயில் எனக்கு விளக்கியிருக்கிறான். கட்டுரை எழுத அது உதவாது. ஆனால் வாய் திறந்துவிட்டது, அதுதான் முதலில் வேண்டியது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. சனிக்கிழமை ஒன்றாக ஓட்டியவர்கள் திங்கட்கிழமை பள்ளியில் தனித்தனி மேசையில்தான் உட்காருகிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். ஒரு தலையசைப்பு மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ஸ்கேட்போர்டர்களிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்கேட்போர்டிங் பல இனத்தவரைச் சேர்த்துவைக்கிறது என்றது. அதே ஆய்வு, இனப்பாகுபாடு அங்கேயும் முழுதாக இல்லாமல் போய்விடவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

சரி, ஆபத்துக்கு வருவோம். நம் சமூகத்தில் "கேங்" என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோருக்கு அடிவயிறு கலங்கும். 2013-இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, நம் பிள்ளைகள் அவற்றில் எவ்வளவு பேர் என்ற பேச்சு எல்லா வீட்டிலும் நடந்தது. பையன் ஒரு கூட்டத்தோடு பாலத்தடியில் நிற்கிறான் என்றால் பயப்படுவதைக் குறை சொல்லமுடியாது. அதோடு, சில இடங்களில் வேப் புகை இருக்கத்தான் செய்கிறது, கெட்ட வார்த்தையும் இருக்கிறது. "தைரியம் இருந்தா அந்தப் படிக்கட்டுல குதி" என்று ஏற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு வகைக் கூட்டத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும். கும்பல் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது விலை கேட்கும். இவனை அடி, இதைக் கொண்டுபோய்க் கொடு, எங்களைத் தவிர வேறு யாரோடும் பேசாதே என்று சொல்லும். விட்டுப் போகவும் விடாது. ஸ்கேட்பார்க்கில் சேர்வதற்குச் சடங்கு இல்லை, தலைவன் இல்லை, நாளைக்கு வராவிட்டால் கேட்பாரும் இல்லை. அடுத்த மாதம் வந்தாலும் ஓரத்தில் இடம் இருக்கும். வேறு ஊர்ப் பார்க்குக்குப் போனாலும் அதே நடைமுறைதான். கூட்டம் நல்லதா என்று பார்க்க நான் பெற்றோருக்குச் சொல்வது இதுதான்: பிள்ளையால் அதைவிட்டு நிம்மதியாக வெளியே வரமுடிகிறதா என்று பாருங்கள். கூட்டாளிகளின் தலைமுடியையும் சட்டையையும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

குதிக்கச் சொல்லி ஏற்றிவிடுவது வேறு விஷயம், அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. ஸ்கேட்பார்க்குக்குள்ளேயே அதற்கு மாற்று மருந்தும் இருக்கிறது. ஸ்கேட் என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்தை வைத்து ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஒரு டிரிக் செய்வார், மற்றவர்கள் அதையே செய்யவேண்டும், தவறியவருக்கு ஓர் எழுத்து. ஐந்து எழுத்தும் சேர்ந்துவிட்டால் அவர் வெளியே. இதில் எழுத்து வாங்கிக்கொள்வது அவமானம் இல்லை. "எனக்கு இது வராது, எழுத்தைப் போடு" என்று பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லலாம், அடுத்த சுற்றுக்கு அப்படியே தொடரலாம். ஒன்றைச் செய்ய மறுத்தும் கூட்டத்துக்குள்ளேயே இருக்கமுடியும் என்று பிள்ளைக்குத் தெரிவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வேப் நீட்டப்படும்போது "வேணாம் பாங்" என்று சொல்லவும் அதே தெம்புதான் வேண்டும்.

எனக்கு அதிக வருத்தம் தருவது பெண்பிள்ளைகளின் நிலை. நம் பெண்பிள்ளைகளை அந்த ஓரத்தில் மிகக் குறைவாகவே பார்க்கிறேன். வெயிலில் கறுத்துவிடுவாள், காலில் தழும்பு விழும், பையன்கள் கூட்டம் என்று காரணங்கள் வரும். 2018-இல் பாலெம்பாங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்காக ஸ்கேட்போர்டு ஓட்டிய ஃபத்தின் ஷாஹிரா ரோஸ்ஸிஸி ஹிஜாப் அணிந்த பதின்ம வயதுப் பெண். தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பலகையில் ஏறி, அலைச்சறுக்கிலும் பேர் வாங்கியவர். ஆனால் இப்படித் தனித்தனிப் பெயர்களைச் சொல்லி நம் பெண்களை உற்சாகப்படுத்துவதில் ஓரளவுதான் பயன். கூட்டத்தின் விதியை மாற்றிய இடங்களில்தான் நிலைமை மாறியது. 2007-இல் காபூலில் தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான், பெண்பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்றுநர்களும் வைத்தது. மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015-இல் கட்டிய ஸ்கேட்பார்க்கில் இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாவிட்டால் போர்டு கிடையாது, பெண்பிள்ளைகளுக்கே முதல் முறை. வரிசையே இல்லாத இடத்தில் பலசாலிக்குத்தான் அதிக முறை கிடைக்கும். அதனால் அங்கே பெரியவர்கள் குறுக்கிட்டது சரி என்றே நினைக்கிறேன். செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு சமூக மண்டபத்தின் வெளித்தரையில் வாரம் இரண்டு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்க அதிகம் செலவாகாது. கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் நினைத்தால் செய்யலாம்.

இனிப் பெற்றோர் என்ன செய்வது? ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றும், ஆறிலிருந்து பத்து வயதுவரை பெரியவர் ஒருவர் அருகில் இருந்து கவனிக்கவேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு இல்லாமல் இறக்கவேண்டாம். மழை பெய்து ஈரமாக இருக்கும் தரையில் ஓட்டவிடவேண்டாம். பலகை புதிதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பொம்மைக் கடையில் விற்கும் மிக மலிவான பிளாஸ்டிக் பலகையைவிட, யாரோ ஓட்டிய நல்ல பலகை மேல்.

அடுத்தது கொஞ்சம் கடினம். பிள்ளைக்காகக் கூட்டத்தில் பேசப் போகாதீர்கள். "தம்பி, என் மகனையும் கொஞ்சம் சேத்துக்குங்க" என்று அப்பா போய்ச் சொன்னால் அந்த அண்ணன்மார் மரியாதைக்காகச் சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய பயிற்சி அத்தோடு போய்விடும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில், மாமாக் கடை இருந்தால் அங்கே, ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். முதல் நாள் முழுக்கப் பிள்ளை இறங்காமல் ஓரத்திலேயே நின்றுவிட்டு வந்தால் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்கவேண்டாம், அன்றைக்கு அது தாளம் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். காரில் வரும்போது "இன்னிக்கு என்ன டிரிக் கத்துக்கிட்ட?" என்பதைவிட "இன்னிக்கு யாருக்கு எது வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஓரத்தில் நின்ற நேரத்தில் என்ன நடந்தது என்று பிள்ளை நிறையவே சொல்லும்.